வெள்ளவத்தையில் வாங்கிய மரநாய்க் கோப்பியும் அதன் பெயரும்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் வாங்கிய இந்தோனேசியக் கோப்பித்தூளின் உறையில், ‘கோப்பி லூவாக்’ என்ற பெயருக்குக் கீழே ‘பூனைக் கோப்பி’ என்று தமிழில் ஒட்டப்பட்டிருந்தது. இது பிழை. லூவாக் என்பது ஜாவா மொழியில், நம் வீட்டுக் கூரைகளில் இரவில் ஓடும் மரநாயின் பெயர். அது பூனையுமன்று, நாயுமன்று.

மலாய் மொழியில் இவ்வினத்தின் பொதுப்பெயர் ‘மூசாங்’. அச்சொல் அடைமொழி ஏற்கும்போதுதான் அதன் செழுமை தெரிகிறது. ‘மூசாங் பண்டான்’ என்பது மரநாய். நாம் கறிக்கு இடும் ரம்பையிலையே மலாயர்க்குப் பண்டான், அவ்விலங்கின் வாடையும் அவ்வாறே இருப்பதால் அப்பெயர் எத்தனை பொருத்தம்! ‘மூசாங் ஜெபாட்’ என்பது புனுகுப்பூனை. ஜெபாட் என்றால் புனுகு, புனுகைக் குறிக்கும் ‘ஸபாத்’ என்ற அரபுச் சொல்லின் உறவு அது. நல்லவர்போல் நடிக்கும் வஞ்சகரை ‘கோழி இறகுள்ள மூசாங்’ என்பார்கள். மலேசியாவின் புகழ்பெற்ற டுரியான் வகையான மூசாங் கிங்கிலும் இச்சொல்லே உண்டு.

இனிச் சுவை. கசப்புக் குறைந்து, நாவில் மென்மையாக இறங்குகிறது. ஆனால் மணம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, விலையோ மிக அதிகம். பழம் தின்ற மரநாயின் எச்சத்திலிருந்து எடுத்துக் கழுவி வறுக்கப்படும் இக்கொட்டைக்காக, பல பண்ணைகளில் அவ்விலங்குகள் ஒடுங்கிய கூண்டுகளில் அடைக்கப்படுகின்றன. காட்டில் சேகரித்ததா, கூண்டில் பெற்றதா என்று உறை சொல்லாததால், இதை மீண்டும் வாங்கமாட்டேன். ஒட்டுத்தாளில் ‘மரநாய்’ என்று திருத்துமாறு கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.