150 கிலோ தாங்கும்னு அட்டையில போட்டிருந்தா உடனே நம்பிடாதீங்க: டர்பன்ல டெஸ்க் சேர் வாங்கி நாங்க பட்ட பாடு

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் யாராவது உயரமான ஆளுக்கோ வெயிட்டான ஆளுக்கோ டெஸ்க் சேர் பார்த்துட்டு இருந்தீங்கன்னா காசு கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க. கடை பேரைச் சொல்ல மாட்டேன், விவகாரம் இன்னும் முழுசா முடியல, அதோட இப்படிப் பண்றது அந்த ஒரு கடை மட்டும்னும் எனக்குத் தோணல.

எங்க வீட்டுக்காரர் 6 அடி 4 அங்குலம், 138 கிலோ. வாகே அப்படி, அவங்க அப்பா தாத்தா எல்லாருமே அந்த சைஸ்தான், கரும்புத் தோட்டத்துல வெட்டின உடம்புன்னு என் மாமியார் பெருமையா சொல்லுவாங்க. இவருக்கு இப்போ லண்டன் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுலேருந்தே போன்ல கஸ்டமரைச் சமாளிக்கிற வேலை, உட்கார்ந்தா 9 மணி நேரம் எழுந்திரிக்க முடியாது. டைனிங் டேபிள் நாற்காலியில உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு, சரி நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்னு உம்கேனி ரோட் பக்கம் ஃபர்னிச்சர் கடைகளை அலச ஆரம்பிச்சோம்.

நான் ஊர்லேருந்து கல்யாணமாகி வந்தவ, எனக்கு எல்லாத்தையும் எழுத்துல வாங்கி வச்சுக்கற பழக்கம் உண்டு. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல இவரோட உயரம், எடை, தினமும் எத்தனை மணி நேரம் உட்காருவார்னு எல்லாம் போட்டு இதுக்கு ஏத்த சேர் இருக்கான்னு கேட்டேன். அந்தப் பையன் நம்ம ஆளுதான், நெத்தியில திருநீறு, வாய்க்கு வாய் ஆன்ட்டி. நோ ப்ராப்ளம் ஆன்ட்டி, 150 கிலோ தாங்கும், கிளாஸ் 4 கேஸ், அங்கிளுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும்னு பதில் போட்டான். கடையில டிஸ்ப்ளேல இருந்த சேர்ல இவர் உட்கார்ந்தும் பார்த்தார், நல்லாத்தான் இருந்துச்சு. 4,800 ராண்ட், டெலிவரிக்குத் தனியா 350. கார்டைத் தேய்ச்சிட்டு வந்துட்டோம்.

பக்கியில, அதாவது பின்னாடி திறந்த சின்ன லோடு வண்டியில, கொண்டுவந்து இறக்கினது அட்டைப் பெட்டி. பிரிச்சு மாட்டும்போதே இவருக்கு ஒரு சந்தேகம், கீழ அஞ்சு காலா விரிஞ்சிருக்குமே அந்த பேஸ், அது கையில எடுத்தா லேசா இருக்கு. டிஸ்ப்ளேல பார்த்தது அலுமினியம், பெட்டியில வந்தது நைலான், மேல சில்வர் பெயிண்ட் அடிச்சது. கவுத்துப் போட்டுப் பார்த்தா உள்பக்கம் பூரா பிளாஸ்டிக் தட்டு தட்டா தெரியுது. போன் போட்டுக் கேட்டா, அதே மாடல்தான் ஆன்ட்டி, புது பேட்ச், அதை விட ஸ்ட்ராங்குன்னான். நைலான் எல்லாமே மோசம்னு சொல்ல வரல, நல்ல கண்ணாடி இழை கலந்த நைலான் பேஸ் பெரிய கம்பெனி சேர்ல கூட வருது. ஆனா காட்டினது ஒண்ணு கொடுத்தது ஒண்ணுன்னா அதுக்குப் பேர் என்னன்னு நீங்களே சொல்லுங்க.

கொஞ்ச நாள்லயே சேர் தானா இறங்க ஆரம்பிச்சுது. காலையில மேல ஏத்தி வச்சா டீ நேரத்துக்குள்ள மேசை நெஞ்சு உயரத்துக்கு வந்துடும். கடையில முனகிக்கிட்டே சிலிண்டரை மட்டும் மாத்திக் கொடுத்தாங்க. அதுவும் அதே மாதிரி இறங்குச்சு. அப்புறம் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்ல இவர் ஹெட்செட்டோட லேசா பின்னாடி சாய்ஞ்சார், படார்னு ஒரு சத்தம், பேஸ்ல ஒரு கால் அடியோட விரிசல் விட்டு ஆள் ஒரு பக்கமா சரிஞ்சுட்டார். நல்லவேளை பக்கத்துல கட்டில் இருந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பக்கம் இங்கிலீஷ் கஸ்டமர் ஆர் யூ ஓகேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளாம்.

போட்டோ வீடியோ எல்லாம் எடுத்துக்கிட்டு கடைக்குப் போனா அந்தப் பையனைக் காணோம், மேனேஜர் வந்தார். பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது, போர்டுல எழுதியிருக்கு பாருங்கன்னார். அப்புறம் வாரண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான், நீங்க வேலைக்கு யூஸ் பண்றீங்கன்னார். அப்புறம் வேணும்னா 20 சதவீதம் ஹேண்ட்லிங் கழிச்சு ஸ்டோர் கிரெடிட் தரேன், சேரை நீங்களே கொண்டுவந்து போடணும்னார். கடைசியா ஒண்ணு சொன்னார் பாருங்க, அங்கிள் கொஞ்சம் வெயிட் குறைச்சா எந்தச் சேரும் நிக்கும்னு. இவர் ஒண்ணும் சொல்லாம வெளிய போய் கார்ல உட்கார்ந்துட்டார். அதுவரைக்கும் நானும் போனா போகுதுன்னுதான் இருந்தேன், அந்தப் பேச்சுக்கு அப்புறம் விடறதா இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல அந்த 150 கிலோ கதையைத் தோண்டினேன். கிளாஸ் 4ங்கறது சேரோட தரம் இல்லீங்க, நடுவுல இருக்கற கேஸ் சிலிண்டரோட தரம் மட்டும். அதுக்கு மேல சீட்டைத் தாங்கற இரும்புத் தட்டு, அது முடுக்கியிருக்கற பிளைவுட், கீழ பேஸ், சக்கரம், இதுல எது சொத்தையா இருந்தாலும் சிலிண்டர் கிளாஸ் எதுவா இருந்து என்ன பிரயோஜனம்? சங்கிலியில ஒரு கண்ணி மட்டும் தங்கத்துல இருந்த கதைதான். அதுலயும் ஆடாம அசையாம மேல வச்ச எடை வேற, ஒரு மனுஷன் தொப்புன்னு உட்கார்ந்து பின்னாடி சாயும்போது பேஸோட பின்னங்கால் மேல விழற பாரம் வேற. அட்டையில போட்ட 150 இதுல எதுன்னு யாரும் சொல்லல, நான் மேனேஜர்கிட்டயே கேட்டேன், அவருக்கும் தெரியல.

ஒழுங்கா டெஸ்ட் பண்ற முறை இருக்கு. அமெரிக்காவுல ஃபர்னிச்சர் தயாரிக்கறவங்க சங்கமான பிஃப்மாவுல சாதாரண ஆபீஸ் சேருக்கு எக்ஸ் 5.1னு ஒரு டெஸ்ட், அது 275 பவுண்டு, அதாவது சுமார் 125 கிலோ ஆளை மனசுல வச்சுப் பண்றது. பெரிய உடம்புக்காரங்களுக்குன்னே எக்ஸ் 5.11னு தனியா ஒண்ணு இருக்கு, அது 400 பவுண்டு, சுமார் 181 கிலோ வரைக்கும். ஐரோப்பாவோட ஈஎன் 1335 தரம் 110 கிலோ ஆளை வச்சுத்தான். அப்போ பிஃப்மா பாஸ்னு ஒரு ஸ்டிக்கரைக் காட்டினா எந்த டெஸ்ட், முழு சேருக்கா இல்ல சக்கரத்துக்கு மட்டுமான்னு கேளுங்க. 138 கிலோ ஆளுக்கு 5.1 பாஸ் பண்ண சேரை வித்தா அந்த ஸ்டிக்கருக்கே அர்த்தம் இல்ல. நாங்க கேட்டப்போ ரிப்போர்ட்னு ஒரு காகிதமும் வரல.

இப்போ சட்டத்துக்கு வரேன், இதுதான் நிறைய பேருக்குத் தெரியாது, கடைக்காரனுக்கும் அதுதான் வசதி. 2008 கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட், சட்ட எண் 68. அதுல 55வது செக்‌ஷன்ல, இன்ன காரியத்துக்கு வேணும்னு நீங்க குறிப்பிட்டுச் சொல்லி, விஷயம் தெரிஞ்சவங்க மாதிரி அவங்க அதுக்குப் பொருளை வித்தா, அது அந்தக் காரியத்துக்கு ஏத்ததா இருக்கணும்னு எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இருக்குன்னு இருக்கு. என் வாட்ஸ்அப் மெசேஜ் இங்கதான் கை கொடுத்துச்சு, 138 கிலோ, 9 மணி நேரம், வேலைக்குன்னு என் கைப்பட எழுதியிருக்கேன், அதுக்குக் கீழயே நோ ப்ராப்ளம் ஆன்ட்டி. வீட்டு உபயோகம்ங்கற கதை அங்கயே அடிபட்டுப் போச்சு. 56வது செக்‌ஷன் இன்னும் நல்லா இருக்கு. டெலிவரி ஆன 6 மாசத்துக்குள்ள பொருள் அந்தத் தரத்துல இல்லன்னு தெரிஞ்சா திருப்பித் தரலாம், அபராதம் கிடையாது, எடுத்துட்டுப் போற செலவும் அவங்களோடது. ரிப்பேரா, வேற பொருளா, பணமாங்கறதை நீங்கதான் சொல்லணும், கடை சொல்லக் கூடாது. ஒரு தடவை ரிப்பேர் பண்ணி 3 மாசத்துக்குள்ள அந்தப் பழுது மறுபடி வந்தாலோ சரியாகாம இருந்தாலோ வேற பொருள் தரணும் இல்லன்னா பணம் தரணும். எங்க சிலிண்டர் கதை அப்படியே இதுதான். கடையில என்ன போர்டு மாட்டியிருந்தாலும் இதை மாத்த முடியாது.

ஆனா ஒண்ணு, பொருள்ல குறையே இல்லாம கலர் பிடிக்கல மனசு மாறிடுச்சுன்னா நேர்ல போய் வாங்கினதுக்கு இந்த உரிமை வராது, அது கடையோட பாலிசிதான். ஆன்லைன்ல வாங்கினா வேற கணக்கு, 2002 எலக்ட்ரானிக் கம்யூனிகேஷன்ஸ் அண்ட் டிரான்ஸாக்‌ஷன்ஸ் ஆக்ட் படி பொருள் கைக்கு வந்து 7 நாளுக்குள்ள காரணமே சொல்லாம வேண்டாம்னு சொல்லலாம், திருப்பி அனுப்பற செலவு மட்டும் நம்மளோடது.

இதையெல்லாம் செக்‌ஷன் நம்பரோட ஒரு ஈமெயில்ல போட்டு மேனேஜருக்கு அனுப்பினேன், பதில் இல்ல. அப்புறம் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட்ல, அதாவது கடைக்கும் வாங்கறவங்களுக்கும் நடுவுல புகாரைத் தீர்த்து வைக்கற அமைப்புல, புகார் கொடுத்தேன், அதுக்குக் காசு எதுவும் கிடையாது, ஆனா முதல்ல கடைக்கே எழுதிக் கேட்டிருக்கணும், அந்த ஈமெயிலை வச்சுக்கணும். பில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், விரிசல் விட்ட கால் போட்டோ, டிஸ்ப்ளே சேர்ல இவர் உட்கார்ந்தப்போ என் பொண்ணு சும்மா எடுத்த போட்டோ, எல்லாம் போட்டேன். அந்தக் கடைசிப் போட்டோவுல அலுமினிய பேஸ் பளிச்சுனு தெரியுது! ஆம்பட்லேருந்து கடைக்குக் கடிதம் போனதும் அதே மேனேஜர் ரொம்ப மரியாதையா போன் பண்ணினார், மேடம்னார். 4,800 திரும்ப வந்துடுச்சு, சேரையும் அவங்களே பக்கி அனுப்பி எடுத்துட்டுப் போனாங்க.

இனி வாங்கறவங்களுக்கு. எடையை மட்டும் பார்த்து உயரத்தை விட்டுடாதீங்க, நாங்க திருப்பிக் கொடுத்த சேர் உடையாம இருந்திருந்தாலும் இவருக்குப் பத்தியிருக்காது. ஷூ போட்டு உட்கார வச்சு தரையிலேருந்து முழங்காலுக்குப் பின்பக்கம் வரைக்கும் அளங்க, இவருக்கு 51 செ.மீ. சேரோட சீட் அந்த உயரத்துக்கு ஏறணும், அதுவும் ஆள் உட்கார்ந்து ஃபோம் அமுங்கின பிறகு. கடைத் தாள்ல 52ன்னு போட்டிருந்த சேர் இவர் உட்கார்ந்தா 47தான் வந்துச்சு. முதுகை ஒட்டி உட்கார்ந்தா சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடம் இருந்தா சரி, ஒரு சாணுக்கு மேல தொடை அந்தரத்துல நின்னா சீட் குட்டை, சீட்டை முன்ன பின்ன நகர்த்தற வசதி இருக்கான்னு பாருங்க. கைப்பிடி ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு அகலம்னும் டேப் வச்சே பாருங்க, கண்ணு ஏமாத்தும். ரேஸ் கார் சீட் மாதிரி ரெண்டு பக்கமும் தூக்கின கேமிங் சேரைப் பெரிய தொடைக்காரங்க கிட்டயே சேர்க்காதீங்க. பிளாஸ்டிக் லெதரும் வேண்டாம், நம்ம டர்பன் புழுக்கத்துல அது செதில் செதிலா உரிஞ்சு சட்டையில ஒட்டும், துணியோ மெஷ்ஷோ வாங்குங்க. டிஸ்ப்ளே பீஸைக் கவுத்துப் போட்டு போட்டோ எடுங்க, பெட்டியில இதே பேஸ்தான் வரும்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னா அந்தக் கடை வேண்டாம்.

நாங்க கடைசியில புதுசே வாங்கல. ஆபீஸ் காலி பண்றவங்க பழைய சேர் விக்கறாங்க, அதுல ஸ்டீல்கேஸ் லீப் ஒண்ணு கிடைச்சுது, கம்பெனிக்காரங்களே 400 பவுண்டு வரைக்கும்னு சொல்ற சேர் அது. ஹெர்மன் மில்லர் கம்பெனியோட ஏரான் சேர் கிடைச்சாலும் பார்க்கலாம், ஆனா அதுல மூணு சைஸ் உண்டு, பெரிய ஆளுக்கு சி சைஸ், முதுகுப் பகுதியோட மேல் விளிம்புல பின்பக்கம் தடவிப் பார்த்தா மூணு புள்ளி இருக்கும். கன்ட்ரோல் ரூம்ல 24 மணி நேரமும் ஆள் மாத்தி ஆள் உட்கார்றதுக்குன்னே செய்யற சேரும் இங்க விக்கறாங்க, விலை ஜாஸ்தி, ஆனா எலும்பு கெட்டி. பழசு வாங்கும்போது ஃபூட்ஸ்டூட்ஸ்னு, அதாவது இருக்கற நிலைமையிலயே குறையோட எடுத்துக்கறீங்கன்னு, எழுதிக் கொடுப்பாங்க. தனி ஆள்கிட்ட வாங்கினா அது செல்லும், கன்ஸ்யூமர் சட்டம் அவரைத் தொடாது. வியாபாரம் பண்ற கடை அந்த ஒரு வார்த்தையைப் போட்டுத் தப்பிக்க முடியாது, இன்ன குறை இருக்குன்னு பிரிச்சுச் சொல்லி நீங்க ஒத்துக்கிட்டிருந்தாத்தான். லீப்பை மேல ஏத்தி இவரை அரை மணி நேரம் உட்கார வச்சு, இறங்கலன்னு டேப் வச்சுப் பார்த்துட்டுத்தான் காசு கொடுத்தேன், விக்கறவர் சிரிச்சார், சிரிக்கட்டும்.

பழைய கடையில 350 டெலிவரி காசு மட்டும் இன்னும் பாக்கி. சேர்தானே திருப்பிக் கொடுத்தீங்க, டெலிவரி நடந்துச்சேன்னு வாதம் பண்றாங்க. ஆம்பட்ல அதுக்கும் எழுதிப் போட்டிருக்கேன்.