‘எல்லாச் சான்றிதழும் நாங்களே வாங்கித் தருவோம்’ என்றால் பணம் கொடுக்காதீர்கள்

வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற முயலும் தம்பதியரும், அப்படிச் சுமந்து தரலாமா என்று யோசிக்கும் பெண்களும் இதைப் படிக்க வேண்டும். எங்களிடம் பணம் பறித்த இடைத்தரகர், எங்களுக்காக அழைத்து வந்த பெண்ணிடமும் பொய்தான் சொல்லியிருந்தார்.

பிரசவத்தில் ஏற்பட்ட கடும் இரத்தப்போக்கில் குழந்தையை இழந்தேன். என் உயிரைக் காக்கக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். சினைப்பைகள் நன்றாக இருப்பதால், எங்கள் கருவை வேறொரு பெண் சுமப்பதுதான் வழி என்றார் மருத்துவர். அந்தத் தேடலில்தான் இடைத்தரகரான இந்த அம்மையார் அறிமுகமானார். கனிவான பேச்சு. மருத்துவமனை, கோர்ட் உத்தரவு, காப்பீடு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்துப் பதினெட்டு லட்சம் என்றார். முன்பணமாக நான்கு லட்சம் வாங்கிக்கொண்டு, ‘மருத்துவச் செலவு, காப்பீடு’ என்று ரசீது கொடுத்தார்.

மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்றிதழைக் கேட்டபோது, “கரு வைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்” என்றார். கோர்ட் உத்தரவு பற்றிக் கேட்டதற்கு, குழந்தை பிறந்த பிறகு பார்க்கலாம் என்றார். இரண்டுமே பொய். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ள வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டப்படி, சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவக் காரணத்தை உறுதிசெய்யும் வாரியத்தின் சான்றிதழும், குழந்தையின் பெற்றோர் யார் என்பது குறித்த முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவும் கையில் இருக்க வேண்டும். சுமக்கும் பெண்ணின் பெயரில் 36 மாதக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்களுக்கும் சேர்த்துத்தான் இவ்வளவு நீண்ட காலம். எங்களுக்குக் காட்டப்பட்டதோ ஓராண்டுக்கான சாதாரண மருத்துவ பாலிசி.

அந்தப் பெண்ணைச் சந்திக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக நின்றதால் ஒருநாள் அழைத்து வந்தார்கள். தரகர் தொலைபேசியில் பேச வெளியே போன நேரத்தில், அவள் என்னிடம், “ஒரு ஊசி போட்டால் போதும், பிறகு பத்து மாதம் என்றுதானே சொன்னார்கள் அக்கா?” என்று கேட்டாள். தினமும் ஹார்மோன் மருந்து, ஒருமுறை பலிக்காவிட்டால் மறுபடியும் கருமாற்றம் (கருவைக் கர்ப்பப்பையில் வைப்பது), சிசேரியன் ஆகும் வாய்ப்பு, எதையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கைநாட்டு வைத்த ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. காகிதத்தில் அவளுக்கு வயது 27. தனக்கு 22 என்று அவளே சொன்னாள். நான்கு லட்சம் தருவதாக அவளிடம் பேசியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பெண்களே, உங்களுக்காகச் சொல்கிறேன். திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ள, 25 முதல் 35 வயது வரையிலான பெண் மட்டுமே வாடகைத் தாயாக முடியும். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை. உங்கள் கருமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. கருமாற்ற முயற்சி மூன்றுக்கு மேல் போகக் கூடாது. கருவை உங்கள் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் ‘எனக்கு வேண்டாம்’ என்று நீங்கள் விலகலாம். உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது. மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொன்ன பிற செலவுகள் தவிரக் கூலியாக எதுவும் தரக் கூடாது என்பது சட்டம். ஆகவே லட்சங்களைப் பேசுகிறவர் கடைசியில் கைவிரித்தால் நீங்கள் எந்த ஒப்பந்தத்தைக் காட்டுவீர்கள்?

தரகரின் பலமே இதுதான். நாங்கள் விலகி, பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அவருடைய குரல் மாறியது. “நீங்களும்தான் பணம் கொடுத்தீர்கள். போலீசுக்குப் போனால் உங்களுக்கும் ஐந்து வருடம்” என்று மிரட்டினார். வணிக நோக்கில் வாடகைத் தாயை நாடும் தம்பதிக்கு முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு என்பது உண்மை. ஆனால் அதை நடத்திவைப்பவருக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. குழந்தைக்காக ஏங்குகிறவர்களின் வாயை அடைக்க இதே சட்டத்தைப் பயன்படுத்துவது கொடுமை. எத்தனை பேர் இப்படி வாய் மூடி அழுதிருப்பார்களோ!

வழக்கறிஞர் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பார்த்தார். மருத்துவச் செலவு என்று சொல்லி ஏமாற்றிப் பணம் வாங்கியதற்கு அவையே சான்று என்று தைரியம் சொன்னார். காவல் துறையில் மோசடிப் புகார் கொடுத்தோம். மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கருமாற்றம் எதுவும் நடக்கவில்லை என்பது மட்டுமே எங்களுக்கு ஆறுதல்.

இதைவிடப் பயங்கரமானதும் நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் ஐதராபாத்தில் வெளிவந்த வழக்கில், வாடகைத் தாய் பெற்ற உங்கள் குழந்தை என்று ஒரு தம்பதியிடம் கொடுக்கப்பட்ட சிசு, மரபணுச் சோதனையில் அவர்களுடையதே அல்ல என்று தெரிந்தது. வேறொரு ஏழைத் தம்பதியிடமிருந்து விலைக்கு வாங்கிய குழந்தை அது. சுமக்கும் தாயைப் பார்க்கவே கூடாது என்று யாராவது தடுத்தால் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிடம் வாடகைத் தாய் சிகிச்சைக்கென்று தனியாகப் பெற்ற பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கான பதிவைக் காட்டினால் போதாது.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து ரசீதையோ குறுஞ்செய்திகளையோ அழித்துவிடாதீர்கள். மீதித் தொகையைத் தரும் முன் அவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.