வீடியோ கிளாஸ்: கேமராவா போனா, மொபைல் ஆப்பா கம்ப்யூட்டரா

விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படிக்குற பசங்களுக்கு ஷூட்டிங், எடிட்டிங் பேசிக்ஸ் எடுக்குறேன், மதுரை பக்கம் ஒரு காலேஜ்ல. வருஷா வருஷம் ஜூன் மாசம் ஒரே பஞ்சாயத்து தான், டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் கழட்டி மாத்துற பெரிய கேமரா வச்சு ஆரம்பிக்கணுமா இல்ல போன்லயே ஆரம்பிச்சுடலாமா, எடிட்டிங் மொபைல் ஆப்லயா லேப் கம்ப்யூட்டர்லயானு. ரெண்டு பக்கமும் வச்சு பாத்தாச்சு, அதான் எழுதுறேன்.

முதல்ல ஒரு கணக்கு. கிளாஸ்ல 40 பேரு, கேமரா 2, லேப் ரெண்டு மணி நேரம். ஒருத்தன் கையில கேமரா இருக்குற நேரம் 6 நிமிஷம் தான், அதுலயும் பேட்டரி மாட்டுறது கார்டு தேடுறதுன்னு பாதி போயிரும். அதே நாலு பேருக்கு ஒரு போன்னு வச்சா ஆளுக்கு 30 நிமிஷம் வருது. கேமரா நல்லதா போன் நல்லதானு கேக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் பாக்கணும்ங்கிறது என் கட்சி, ஏன்னா ஃப்ரேம் வைக்கிறது கையில பழகுற வேலை, பின்னாடி நின்னு எட்டிப் பாத்துட்டு இருந்தா வராது.

போன வருஷம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ரெண்டு டீமா அனுப்புனேன், ஒரு டீம் டிஎஸ்எல்ஆர் ட்ரைபாடோட, இன்னொன்னு போனோட. மல்லி கட்டுற அக்கா ஒருத்தங்க, கேமராவ பாத்ததும் நாரை கீழ வச்சுட்டு முந்தானைய சரி பண்ணிட்டு "எந்த டிவி தம்பி"ன்னு கேட்டாங்க, பக்கத்து கடைக்காரர் கூட்டத்த வேற கூட்டிட்டாரு. பூ கட்டுற ஷாட் அவனுங்களுக்கு கடைசி வரைக்கும் சிக்கவே இல்ல. போன் டீம் அரை மணி நேரம் கழிச்சு அதே அக்கா பக்கத்துல உக்காந்து விரல் மட்டும் தெரியுற மாதிரி க்ளோஸ் எடுத்துட்டு வந்தாங்க, நாரு இறுகும்போது கட்டைவிரல் நகம் வெளுக்குறது வரைக்கும் தெரியுது. அந்த ஒரு ஷாட்ட வச்சே ரெண்டு கிளாஸ் ஓட்டுனேன்.

அதுக்காக கேமரா வேஸ்ட்னு சொல்லல. போன்ல எல்லாமே ஆட்டோ, ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியாது. முக்கால்வாசி போன்ல அப்பெர்ச்சர, அதான் லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற துவாரத்த, மாத்தவே முடியாது, அப்புறம் அதை எப்படி சொல்லிக்குடுக்குறது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழணும்னு வைக்கிற ஷட்டரும் கேமராவுல தான் புரியும். நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய ட்யூப்லைட் செகண்டுக்கு 100 தடவ மங்கி மங்கி எரியும், கண்ணுக்கு தெரியாது. வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு பையன் கேமராவுல ஷட்டர 250ல, அதாவது செகண்டுல 250ல ஒரு பங்குல வச்சான், வகுப்பறை சுவத்துல கோடு கோடா ஓடுது. 50க்கோ 100க்கோ இறக்குனா நின்னுருது. இதை போர்டுல எழுதிப் போட்டா மறந்துருவான், கோடு ஓடுறத ஒரு தடவ பாத்தவன் மறக்க மாட்டான். மேனுவல் கேமரா ஆப் இருக்கு போன்லயும், ஓப்பன் கேமரா மாதிரி, ஆனா எல்லா போன்லயும் எல்லா செட்டிங்கும் திறக்காது.

சவுண்டுல ரெண்டுமே மோசம். எங்களுக்கு வாங்கிக் குடுத்த கேமராவுல மைக் மாட்ட ஓட்டையே கிடையாது, உள்மைக்ல லென்ஸ் மோட்டார் சத்தம் தான் பளிச்சுனு கேக்கும். சட்டையில குத்துற வயர் மைக்க இன்னொரு போன்ல சொருகி, ரெக்கார்ட் ஓடும்போது கைய ஒரு தட்டு தட்டி, பின்னாடி அந்த தட்டுற சத்தத்த வச்சு படத்தோட சேத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

இப்ப எடிட்டிங். இங்க நான் அப்படியே கட்சி மாறிடுவேன்.

மொபைல் ஆப்ல வேகம் இருக்கு, உண்மை. கைன்மாஸ்டர், விஎன்னு எந்த எடிட்டிங் ஆப்னாலும் பஸ்ல போகும்போதே முடிச்சுடுறான். பிரச்சனை என்னன்னா டெம்ப்ளேட், அதான் ஆப்ல ரெடியா இருக்குற அச்சு, பாட்டு பீட்டுக்கு அதுவே வெட்டிக் குடுத்துருது, எங்க வெட்டணும் ஏன் வெட்டணும்னு யோசிக்கிற வேலையே இல்ல. சின்ன ஸ்க்ரீன்ல விரலே பாதி படத்த மறைக்குது, ரெண்டு மூணு ஃப்ரேம் முன்னாடி வெட்டுறதுக்கும் பின்னாடி வெட்டுறதுக்கும் வித்தியாசம் தெரிய மாட்டேங்குது. கூடவே, ஆப்ப நம்பி பாடம் எழுதுனா ஆப் போனா பாடமும் போச்சு, 2020 ஜூன்ல டிக்டாக்கோட சேத்து 59 ஆப்ப தடை பண்ணாங்களே, அதுல விவா வீடியோங்கிற எடிட்டிங் ஆப்பும் ஒன்னு.

கம்ப்யூட்டர்ல நாங்க டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டோம். இலவச வெர்ஷன்லயே 4கே யுஎச்டி வரைக்கும் எக்ஸ்போர்ட் ஆகும், காசு குடுத்து வாங்குற எஃபெக்ட் எதையும் தொடாத வரைக்கும் படத்து மேல கம்பெனி முத்திரை (வாட்டர்மார்க்) வராது. அடோபியோட பிரீமியர் மாசா மாசம் வாடகை மாதிரி, அத்தனை சிஸ்டத்துக்கும் யாரு கட்டுறது, அதை விட்டுட்டோம். ஆனா ரிசால்வ் ராம் தின்னும், 16 ஜிபி கேக்குற சாஃப்ட்வேர், எங்க லேப்ல 8. ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்ண மட்டும் வீடியோவோட லேசான நகல் போட்டு ஓட்டுறோம், அதுவும் திணறுற சிஸ்டத்துல ஷாட்கட்னு இன்னொரு இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர். கீபோர்டுல ஜே கே எல் கீல கைய வச்சு முன்ன பின்ன ஓட்டி நிறுத்திப் பாத்து வெட்டுறான் பாருங்க, அங்க தான் எடிட்டிங் பழகுது.

அடி வாங்குறதும் இங்க தான். பென்டிரைவ்ல இருந்தே இழுத்து எடிட் பண்ணிட்டு சாயங்காலம் பென்டிரைவ உருவிட்டு போயிட்டான் ஒருத்தன், மறுநாள் திறந்தா டைம்லைன் பூரா செவப்பா மீடியா ஆஃப்லைன்னு வருது, வீடியோ ஃபைலே கிடைக்கலனு அர்த்தம். மூஞ்சி தொங்கிப் போச்சு, பென்டிரைவ் வேற ஊருக்கு போயிருச்சு, தம்பி பாட்டு கேக்க எடுத்துட்டு போயிட்டானாம். அன்னைலேர்ந்து அந்த பேட்ச்ல ஒருத்தனும் கம்ப்யூட்டர்ல ஃபோல்டர் போட்டு ஃபைல காப்பி பண்ணாம ஆரம்பிக்கிறதில்ல.

போன்ல எடுத்து கம்ப்யூட்டர்ல வெட்டும்போது ரெண்டு விஷயத்துல சூதானமா இருக்கணும். வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, நசுக்கிரும், டாக்குமெண்டா அனுப்புங்க இல்ல கேபிள் போடுங்க. அடுத்து, போன் எடுக்குற வீடியோவுல ஃப்ரேம் ரேட், அதான் செகண்டுக்கு எத்தனை படம்ங்கிறது, ஒரே சீரா இருக்காது, பத்து நிமிஷ பேட்டின்னா போகப் போக வாயும் பேச்சும் விலகும், ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற இலவச சாஃப்ட்வேர்ல போட்டு கான்ஸ்டன்ட்டா (ஒரே சீரா) மாத்திட்டு உள்ள கொண்டு வாங்க.

ஆக எங்க ஏற்பாடு இப்போதைக்கு இதான்: முத ஆறு வாரம் போன்ல ஷூட், எடிட்டிங் முத நாள்ல இருந்தே கம்ப்யூட்டர்ல, கேமரா ஏழாவது வாரம் தான் கைக்கு வரும். டிபார்ட்மெண்ட்ல மூணாவது கேமரா கேட்டு லெட்டர் ரெடி பண்ணி வச்சிருந்தாங்க, நான் அதை அடிச்சுட்டு பத்து வயர் மைக்கும் லேப்புக்கு ராமும்னு மாத்தி எழுதிக் குடுத்துருக்கேன், ஹெச்ஓடி கையெழுத்து இன்னும் வரல.