நின்டெண்டோ 64-ஐச் சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்களா? முதலில் முன்பக்க மூடியைத் திறந்து போட்டோ எடுத்து வையுங்கள்

பழைய கேம் கன்சோல் வைத்திருப்பவர்கள், குறிப்பாக நின்டெண்டோ 64 வைத்திருப்பவர்கள், அதைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. என் கன்சோலிலிருந்து எடுக்கப்பட்ட பாகம் வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

சித்தப்பா நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது 1999 கடைசியில் வாங்கியது. அடுத்த வருடம் ஊருக்கு வந்தபோது எனக்கே கொடுத்துவிட்டார். கூடவே டாங்கி காங் 64 கேசட். அந்த கேமுக்கு எக்ஸ்பான்ஷன் பேக் என்ற பாகம் கட்டாயம் வேண்டும் என்பதால் அதையும் கேசட்டோடு சேர்த்தே விற்றார்கள். கன்சோலின் முன்பக்கம் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே சிவப்புத் தலையோடு தெரியும். கன்சோலில் ஏற்கெனவே இருக்கும் 4 எம்பி மெமரியோடு இன்னும் 4 எம்பி சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்தச் சிவப்புத் தலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மார்ச்சில் பாப்பாவுக்கு விளையாடக் காட்டலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அடாப்டர் போய்விடும் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் போட்டேன். புது எல்இடி டிவியில் படம் வந்தது, சத்தமும் நன்றாக இருந்தது. கலர் மட்டும் இல்லை. மரியோவின் சிவப்புத் தொப்பி சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஏவி ஒயர் போட்டுப் பார்த்தேன், வேறு கேசட் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. சரி, தெரிந்தவர்களிடம் காட்டுவோம் என்று கோவையில் 'எல்லா கேம் கன்சோலும் சர்வீஸ் செய்யப்படும்' என்று போர்டு வைத்திருந்த ஒரு கடைக்கு எடுத்துப் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் அதை டிவியில் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வீடியோ ஐசி போயிருச்சுங்க. கலரு அதுலதான் வருது. மாத்திட்டா சரியாயிரும்" என்றார். செக்கிங் 500, ஐசியும் கூலியும் சேர்த்து 2,800. மொத்தத்தையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார், கட்டினேன். ஜாப் கார்டில் 'நோ டிஸ்ப்ளே' என்று எழுதினார். "படம் வருதுங்களே, கலர்தான் இல்லை" என்றேன். "எல்லாத்துக்கும் அப்படித்தாங்க எழுதுவோம்" என்று கார்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் நான் விட்டிருக்கக் கூடாது.

11 நாள் கழித்து போன் வந்தது. "போர்டே போயிருச்சுங்க. ஐசி மாத்தியும் வரலை. வேணும்னா ஸ்பேர்ஸுக்கு நாங்களே 1,500 கொடுத்து எடுத்துக்கறோம்." சித்தப்பா கொடுத்த பொருளை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.

வீட்டில் போட்டால் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை கறுப்பு, சத்தமும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஆறு திருகாணிகள் ஆழமான குழிகளுக்குள் இருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் அதற்கு ஆகாது, 4.5 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும். அந்த ஆறு குழிகளிலும் பரண் தூசி நான் கொடுத்தபோது இருந்தபடியே அடைத்துக்கொண்டு இருந்தது. ஒரு குழியின் வாயில் ஒட்டடை இழை அறுபடாமல் நின்றது. பிட்டை உள்ளே விட்டுத் திருகினால் அந்தத் தூசி அப்படியே இருக்க வழியே இல்லை. அதாவது கன்சோலை அவர்கள் திறக்கவே இல்லை. ஐசி மாற்றினோம் என்பது முழுப் பொய்.

அப்புறம் முன்பக்க மூடியைத் திறந்தேன். சிவப்புத் தலையைக் காணவில்லை. குழி காலி.

இந்தக் கன்சோலின் மெமரி வேலை செய்ய, சிக்னல் போகும் பாதை கடைசியில் முறையாக முடிய வேண்டும். எக்ஸ்பான்ஷன் பேக் வாங்காதவர்களுக்காக அதே குழியில் ஜம்பர் பேக் என்று ஒன்றைப் போட்டே விற்றார்கள். அதில் மெமரி கிடையாது, பாதையை முடித்துவைப்பது மட்டும்தான் வேலை. இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு எரியும், படம் வராது. அது தானாகக் கழன்று விழும் பொருளும் இல்லை, அவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். பேக்கை உருவிவிட்டால் நல்ல கன்சோலும் செத்த மாதிரி நிற்கும். செத்ததை 1,500-க்குக் கேட்டு வாங்கி, பேக்கைத் திரும்பச் செருகினால் உயிரோடு ஒரு கன்சோல் கையில். அவர்கள் கணக்கு இதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

மறுநாள் போய்க் கேட்டேன். "அப்படி எதுவும் இருந்துச்சுங்களா? நீங்க கொடுத்ததே நோ டிஸ்ப்ளேன்னுதான் கார்டுல இருக்கு பாருங்க." அந்த இரண்டு வார்த்தையை ஏன் எழுதினார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாப்பா அதை வைத்து விளையாடும் போட்டோக்கள் என் போனில் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் மூடி சாத்தியிருக்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். ஐசி மாற்றியதாகச் சொல்கிறார்களே, கழற்றிய பழைய ஐசியைக் காட்டட்டும் என்று கேட்டேன். தூசி அடைத்த குழிகளின் படத்தையும் கொடுத்தேன். சில வாரங்களில் 2,800 திரும்பி வந்தது. செக்கிங் பணம் 500 வரவில்லை. பேக்கைப் பற்றிக் கடைசி வரை 'தெரியாது' என்றே சொல்லிவிட்டார்கள்.

பெங்களூரில் பழைய கன்சோல் சேகரிக்கும் ஒருவர் ஜம்பர் பேக் ஒன்றை அனுப்பி வைத்தார். செருகியதும் படம் வந்துவிட்டது, ஆனால் பழையபடி கறுப்பு வெள்ளை. அவரிடம் போனில் சொன்னதும், "டிவிக்குப் பக்கத்துல போய்ப் பாருங்க சார், படத்துல பொடிப் பொடியாப் புள்ளி தெரியுதா?" என்றார். தெரிந்தது. மரியோவின் தொப்பி ஓரத்தில் மணல் தூவின மாதிரி நுண்ணிய புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் கலர் என்றார். கன்சோல் கலரை ஒழுங்காகத்தான் அனுப்புகிறது, டிவிதான் அதைக் கலராகப் படிக்காமல் வெளிச்சமாகக் காட்டுகிறது.

என் டிவியின் பின்னால் பச்சைத் துளை ஒன்று உண்டு, அதன் வளையத்தில் பாதி மஞ்சள். சாதாரண ஏவி ஒயரின் மஞ்சள் பின்னுக்கும், படத்தை மூன்று ஒயராகப் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் ஒயரின் பச்சைப் பின்னுக்கும் அந்த ஒரே துளைதான். காம்பொனென்ட்டில் பச்சை ஒயர் வெளிச்சத்தை மட்டும் கொண்டுவரும், கலர் மற்ற இரண்டில் வரும். என் டிவியின் சோர்ஸ் பட்டியலில் காம்பொனென்ட் தேர்வாகி இருந்தது. ரிமோட்டில் ஏவி என்று மாற்றினேன். தொப்பி சிவப்பானது. இதற்குத்தான் வீடியோ ஐசி போய்விட்டது என்றார்கள்.

கலர் இல்லாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் டிவி மெனுவில் கலர் சிஸ்டம் பால் (PAL) என்று நிற்கிறதா என்று பாருங்கள். பால், என்டிஎஸ்சி (NTSC) இரண்டும் டிவிக்குக் கலர் அனுப்பும் வெவ்வேறு முறைகள். அமெரிக்கக் கன்சோல் அனுப்புவது என்டிஎஸ்சி, 3.58 மெகாஹெர்ட்ஸ் கலர். பால் 4.43. மாறி நின்றால் கலர் வராது. ஏவியில் படம் வந்து எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். இந்தக் கன்சோலின் பெரும்பாலான கேம்கள் 240பி என்ற பழைய, குறைந்த தெளிவுள்ள படமாக வருகின்றன, மலிவான கன்வெர்ட்டர்கள் சிலவற்றுக்கு அது பிடிபடாது. திரை முழுக் கறுப்பாக இருந்தால் முன்பக்க மூடியைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், கவுன்டரிலேயே டிவியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து அவர்கள் எதிரிலேயே போட்டோ எடுங்கள். ஜாப் கார்டில் 'படம் வருகிறது, கலர் இல்லை, எக்ஸ்பான்ஷன் பேக் உள்ளது' என்று எழுதி வாங்குங்கள். மாட்டேன் என்றால் கன்சோலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாப்பா இப்போது சூப்பர் மரியோ 64 விளையாடுகிறாள். அதற்கு ஜம்பர் பேக் போதும். டாங்கி காங் கேசட்டைப் போட்டால், எக்ஸ்பான்ஷன் பேக் இல்லை என்ற அறிவிப்போடு நின்றுவிடுகிறது. "இது எப்பப்பா ஓடும்?" என்று கேட்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது நியாயமான விலைக்கு இருந்தால் சொல்லுங்கள்.