கடவாய்ப்பல் கேப்: அஞ்சு வருசம் கழிச்சு

கோபியில இருக்கிற மாப்பிள்ளை போன வாரம் போன்ல, "ஏனுங்க மாமா, ரூட் கெனால் முடிஞ்சு வலியே இல்லீங்க, பல்லு மேல உறை மாதிரி மாட்டற கேப்பைப் போடாம உட்டறலாமுங்களா?"ன்னு கேட்டாரு.

உட்டறாதீங்க. சொத்தையைச் சுரண்டி, வேர் வரைக்கும் வழி பண்ணினதுக்கப்புறம் கடவாய்ப்பல்லுல சுவர் மட்டுந்தான் மிச்சம் நிக்கும். கேப் இல்லாம மென்னு அது ஈறுக்குக் கீழ வரைக்கும் பிளந்துட்டா பெரும்பாலும் புடுங்கத்தான் வேணும்.

நான் போட்டது சிர்கோனியாங்கற பீங்கான் கேப். கேப்பைக் குறை சொல்ல மாட்டேன். வறுத்த கடலை, பள்ளிபாளையம் சிக்கன்ல வர்ற தேங்காய்ச் சில்லு, எல்லாத்தையும் அந்தப் பக்கமே மென்னேன். ஒரு விரிசல் இல்லை. நீலக் காகிதத்தைக் கடிக்க வெச்சு, மை பட்ட மேட்டையெல்லாம் பொறுமையா ராவி, கடியைச் சரியா உட்கார வெச்சாரு டாக்டர். வேரும் இன்னிக்கு வரைக்கும் எக்ஸ்ரேல சுத்தமா இருக்குது.

ஆனா கேப்புக்கும் அதுக்கு முன்னாடி இருக்கிற பல்லுக்கும் நடுவுல ஒரு சந்து. மொத நாள்லயே கறி நார் போய் மாட்டுச்சு. கீரை, கொத்தமல்லித் தழை, மாங்காய் நார், எதைத் தின்னாலும் அங்கதான் போய் அடையும். கல்யாணப் பந்தியில பக்கத்துல இருக்கிறவங்க பேசறது காதுல ஏறாது, நாக்கு அதையே நோண்டிக்கிட்டு இருக்கும். ஈறு வீங்கி ரத்தம் வந்துச்சு. ரெண்டு தடவை போய்ச் சொன்னேன். "பழகிரும்"னு அனுப்பிட்டாங்க.

பழகலீங்க. தினம் குட்டி பிரஷ் உட்டுத் தேய்ச்சும், நல்லா இருந்த பக்கத்துப் பல்லு அந்தச் சந்துப் பக்கமே சொத்தையாயிருச்சு. போன மாசம் வேற டாக்டர்கிட்டப் போய், கல்லு மாதிரி இருந்த அந்தக் கேப்பை அறுத்தெடுத்து, பக்கத்துப் பல்லை அடைச்சு, மறுபடியும் அளவெடுத்துப் புதுக் கேப் போட்டேன். காசு ரெண்டு மடங்கு. அதைவிட, கெடாத பல்லு ஒண்ணு கெட்டுப் போச்சேங்கறதுதான் ஆறலை.

சிமென்ட் வெச்சு ஒட்டறதுக்கு முன்னாடி, ரெண்டு பல்லுக்கும் நடுவுல நூல் உட்டுக் காட்டச் சொல்லுங்க மாப்பிள்ளை. இறுக்கமா, டக்குனு இறங்கோணும். சும்மா வழுக்கிட்டுப் போச்சுன்னா கேப் செஞ்ச லேபுக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. நூல் உட்டுப் பாக்கறது ரெண்டு நிமிச வேலை. எனக்கு அதை யாரும் செய்யலை. அந்த மொத டாக்டர் கை நல்ல கைதான், ஆனா உங்களை அங்க அனுப்ப மனசு வரலை.

புதுக் கேப்புல நூல் டக்குனு இறங்குது. ஆனாலும் கறி தின்னு முடிச்சதும் நாக்கு தானா அந்த மூலைக்குப் போய்த் தேடுதுங்க.