நகர ஓடைக்கரைக்குத் தென்னைநார் உருளை: ஒரு மதிப்பீடு

அரிப்புக்குள்ளான நகர ஓடைகளின் கரையைச் சீரமைக்கும்போது, கான்கிரீட் சுவருக்கும் கம்பிவலைக் கல்பெட்டிக்கும் மாற்றாக இப்போது தென்னைநார் உருளைகள் பரவலாக விற்கப்படுகின்றன. தேங்காய் நாரை இறுக்கமாக அடைத்து, வலையால் சுற்றி, பெரும்பாலும் 3 மீட்டர் நீளத்திலும் 30 முதல் 50 சென்டிமீட்டர் விட்டத்திலும் தருகிறார்கள். கரையின் அடியில் நீர்மட்டத்தை ஒட்டி இதைப் பதித்து, அதன் மேலேயே கோரை, நாணல் போன்றவற்றை நட வேண்டும்.

தென்னை நாரில், செடிகளுக்கு உறுதி தரும், எளிதில் மக்காத லிக்னின் என்ற பொருள் மிகுதி. அதனால் சணலைப் போல விரைவில் மக்கிவிடாமல், இடத்தையும் ஈரத்தையும் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 5 ஆண்டுகள் தாங்கி, வண்டலைப் பிடித்து வைத்து, வேர்கள் மண்ணுக்குள் இறங்குவதற்கான அவகாசத்தை இது தருகிறது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் உருளை மக்கிய பிறகு கரையைத் தாங்க வேண்டியது வேர்தான் என்பதால், செடி நடுவதற்குப் பணம் ஒதுக்காதவர்கள் இதை வாங்காமலிருப்பதே நல்லது.

வாங்குமுன் வெளிவலையைப் பார்க்க வேண்டும். நார்க்கயிற்று வலை உள்ளதே சிறந்தது. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காலான வலை, நார் மக்கிய பின்னும் ஓடையிலேயே கிடந்து, பாம்பு முதலிய உயிர்களைச் சிக்க வைக்கும். கையால் அழுத்தினால் எளிதில் குழியும் உருளையும் வேண்டாம். காய்ந்த உருளை மிதக்கும் என்பதை விளம்பரத் தாள்கள் பெரிதாகச் சொல்வதில்லை. இருபுறமும் மரமுளை அடித்துக் குறுக்கே கயிறு கட்டாவிட்டால் முதல் வெள்ளத்திலேயே அது போய்விடக்கூடும். முனைகளைக் கரைக்குள் வளைத்துப் புதைக்காவிட்டால், நீர் பின்புறம் புகுந்து மண்ணைக் குடைந்துவிடும்.

என் முதன்மையான மனக்குறை, இதை ‘ஓடை மீட்பு’ என்ற பெயரில் விற்பதுதான். கூரைகளும் சாலைகளும் மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வடிகால்கள் வழியே சில நிமிடங்களில் ஓடைக்குள் கொட்டும் நகரத்தில், சிறு மழைக்கும் வெள்ளம் திடீரென உயர்ந்து ஓடைப்படுகையையே ஆழமாக அறுத்துச் செல்கிறது; படுகை தாழ்ந்துவிட்டால், எவ்வளவு சீராகப் பதித்த உருளையும் அடியில் மண்ணின்றி அந்தரத்தில் தொங்கும். கழிவுநீர் கலப்பதையும் இது தடுக்காது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழைநீர்த் தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப்பள்ளம்), நீர் புகும் தளம், தேக்கக் குட்டை ஆகியவற்றை அமைத்து வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும் திட்டம் உடன் இருந்தால்தான் இந்தச் செலவுக்குப் பொருளுண்டு.

சரிவு குறைந்த, வெயில் படும் சிற்றோடைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வடிகால் வாய்களிலும், நீர் மோதும் வெளிவளைவுகளிலும் அடியில் கல் அடுக்கி, உருளையை அதற்கு மேலே வைக்க வேண்டும். அடர்நிழலில் கோரை வளராது என்பதால் பாலத்தின் அடிப்பகுதிக்கு இது பயன்படாது.