மயக்கத்துக்கு 'ஹார்ட் செக்கப்' என்று 38,500 ரூபா வாங்கினார்கள் – மட்டக்களப்பு ஆட்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குக் கொஞ்ச காலமாகத் திடீர் மயக்கம். அடுப்படியில் எழும்பி நின்றவர் அப்படியே சரிவார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து "ஒண்டுமில்ல மனே" என்பார். சீனி வருத்தம் இல்லை, வலிப்பும் இல்லை. இதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்று, வார இறுதியில் கொழும்பிலிருந்து இதய நிபுணர் வருகிற ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் சனல் பண்ணினோம்.

கவுண்டரில் இருந்த பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கம்மா, எல்லாத்தையும் ஒரேயடியாப் பாத்துருவம்" என்றாள். அம்மாவின் முகமே மாறிவிட்டது. அந்த இடத்தில்தான் நம்பினோம். ஈசிஜி, இதயத்தை ஸ்கேன் பண்ணுகிற எக்கோ, 24 மணித்தியாலம் இதயத் துடிப்பைப் பதிகிற ஹோல்டர், டொக்டர் காசு எல்லாம் சேர்த்து 38,500 ரூபா, முன்கூட்டியே. அம்மாவின் சீட்டுக் காசு அது.

டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மயக்கம் எப்போது வருகிறது, படுத்திருக்கும்போதா எழும்பும்போதா, நெஞ்சு படபடத்ததா, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா, என்ன குளிசை போடுகிறீர்கள்? மயங்கி விழுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை. ஒன்றையும் கேட்கவில்லை.

ஹோல்டர்தான் பெரிய அநியாயம். பின்னேரம் பூட்டிய மெஷினை அன்றிரவே ஆள் அனுப்பிக் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்னொரு நோயாளிக்கு அவசரமாம். ரிப்போர்ட்டில் மட்டும் 24 மணித்தியாலம், நோர்மல் என்று அச்சடித்திருக்கிறது! முழு நாள் பூட்டினாலே, அந்த நேரம் மயக்கம் வராவிட்டால் காரணம் பிடிபடாமல் போகலாம். இவர்கள் பாதி நாள்கூட விடவில்லை.

கேட்கப் போனால், "நோர்மல்தானே, பிறகென்ன?" அப்புறம் "டொக்டர் வந்தாக் கதைங்க". டொக்டர் வந்த அன்று "திரும்பச் சனல் பண்ணுங்க". மனேஜர் போனே எடுப்பதில்லை. ஹோல்டர் காசையாவது தாருங்கள் என்றால், பில்லில் பிரித்துப் போடவில்லையாம், தர முடியாதாம். உண்மைதான், 'பரிசோதனை 38,500' என்று ஒரே வரி.

பிறகு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். அங்கே அம்மாவைப் படுக்க வைத்து ஒருமுறை, எழுப்பி நிறுத்தி ஒருமுறை பிரஷர் பார்த்தார்கள். 148 இல் இருந்தது 112 க்கு இறங்கியது. மேல் பிரஷர் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம். பிரஷர் குளிசையை மாற்றித் தந்து, இதயத்தையும் தொடர்ந்து பார்க்கக் கிளினிக் திகதி போட்டார்கள். ஒரு சதம் செலவில்லை. அந்தத் தனியார் நிலையத்தில் 38,500 ரூபா!

சரி, அவசரமாக இவ்வளவுதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாக பில் கேளுங்கள். ஹோல்டர் பூட்டிய நேரத்தையும் கழற்றிய நேரத்தையும் எழுதி வையுங்கள். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். வேலை செய்யும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால் சனல் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நான் பில்லையும் ரிப்போர்ட்டையும் வைத்து, தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன்.